தாத்தாவின் சுவரும் என் இரும்புக்கூடும்

2024 ஆகஸ்ட்டில் ஒரு நாள், காலை மீட்டிங் முடிந்து காபி எடுக்கப் போகும்போது அந்த மின்னஞ்சல் வந்தது. மாலத்தீவில் ஒரு விடுதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பும் மின்னஞ்சல். உள்ளே நான்கு புகைப்படங்கள் இருந்தன. நான்கிலும் பச்சையும் பழுப்புமாகப் பாசி மூடிய ஓர் இரும்புக்கூடு. அதன் கம்பிகளில் எலும்பு போல ஒடிந்து நின்ற சில கிளைகள். ஒரு மூலையில் தகடு. அதில் என் பெயரும் மனைவி பெயரும்.

2023 பிப்ரவரியில், கல்யாணமான நாலாவது மாதம் அங்கே போயிருந்தோம். கடல் உயிரியல் படித்த ஒரு பெண் எங்களைக் கரையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இரும்புக் கம்பியைக் கூடை கவிழ்த்ததுபோல வளைத்துப் பற்றவைத்து, அதன்மேல் பிசினும் மணலும் பூசியிருப்பார்கள். கடலடியில் ஏற்கெனவே ஒடிந்து கிடக்கும் பவளத் துண்டுகளைப் பொறுக்கிவந்து, கம்ப்யூட்டர் வயர்களைக் கட்டும் அதே பிளாஸ்டிக் நாடாவால் நாம் அதில் கட்ட வேண்டும். பிறகு அவர்கள் அதைக் கடலுக்குள் வைப்பார்கள். நாற்பது துண்டுகள் கட்டினோம். விரல்களில் ஒரு மாதிரி கொழகொழவென்று ஒட்டியது. "இது உயிரோடதான் இருக்கா?" என்று மனைவி கேட்டாள். "இப்போதான் கேக்கறீங்களே, சீக்கிரம் கட்டுங்க. வெயில்ல வெச்சா செத்துடும்" என்கிற பொருளில் அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

2023 ஆகஸ்ட்டில் வந்த முதல் படத்தில் துண்டுகள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரிப் படத்தில் கிளை விட்டிருந்தன, நீல நிறத்தில் சின்ன மீன்கள் உள்ளே புகுந்திருந்தன. அதை மனைவி வாட்ஸாப்பில் முகப்புப் படமாக வைத்தாள். அதன்பின் ஏப்ரல், மே மாதங்களில் இந்தியப் பெருங்கடல் கொதித்தது. மூன்றாவது படம்தான் மேலே சொன்னது.

மின்னஞ்சலின் கடைசிப் பத்தியில், புதிய கூடு ஒன்றைத் தத்தெடுத்தால் தள்ளுபடி உண்டு என்று இருந்தது. நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு சர்வர் விழுந்தால், காரணம் தெரியாமல் மறுபடி ஆன் செய்யக் கூடாது என்று பயிற்றுவிக்கப்பட்டவன். முந்தைய பதிவுகளைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அப்படிப் படிக்க ஆரம்பித்தது தாத்தாவின் வீட்டுச் சுவரில் போய் முடிந்தது.

*

என் அம்மாவழித் தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டல். தோணி என்றால் சின்னப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான டன் சரக்கேற்றிக் கொழும்புக்கும் மாலேவுக்கும் போய்வந்த மரக்கப்பல் அது. அதன் தலைவன் தண்டல். மாலத்தீவின் திவேஹி மொழியிலும் படகுக்குத் தோணி என்ற சொல்லேதான், கொஞ்சம் வேறுமாதிரி உச்சரிப்பார்கள். அவர் மாலே போய்த் திரும்பும்போது மாசி கொண்டுவருவார். கட்டை போலக் காய்ந்த சூரைக் கருவாடு. ஆச்சி அதை இடித்துச் சம்பல் செய்வாள். திவேஹியில் 'மஸ்' என்றால் மீன்.

தாத்தாவின் வீட்டுச் சுவர் செங்கல் அல்ல. பூச்சு உதிர்ந்த இடத்தில் விரல் வைத்தால் பூப்பூவாகச் சின்னக் குழிகள் தட்டுப்படும். சிறுவயதில் அதைச் சுரண்டிக்கொண்டே இருப்பேன். "எலே, சொரண்டாத. அது கடக்கல்லு. மண்ணுல வெட்டுன கல்லு இல்ல, கடல்ல வளந்த கல்லு" என்பார். கல் எப்படி வளரும் என்று நான் கேட்டதேயில்லை. தாத்தா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கத் தீவுகளைச் சுற்றிப் பல பத்தாண்டுகளாகப் பவளக்கல் எடுத்தார்கள். வீடு கட்ட, சுண்ணாம்பு சுட, ஆலைகளுக்கு அனுப்ப. 21 தீவுகளில் இரண்டு, விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும், கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986இல் அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியலில், சேர்க்கப்பட்டன. நான் சுரண்டி விளையாடியது சட்டப்படி புலியின் எலும்பு மாதிரி.

மாலத்தீவின் கதையும் இதே கல்லில்தான் தொடங்குகிறது.

*

அங்கே வேறு கல்லே கிடையாது. ஏறத்தாழ 1,200 தீவுகள், எல்லாமே பவளம் கட்டிய மேடை மேல் பவளம் உதிர்த்த மணல். சராசரியாகக் கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். வட்டப் பவளத்தீவுக்கு உலகம் முழுக்க வழங்கும் 'அட்டோல்' என்ற சொல்லே திவேஹியிலிருந்து போனது. சார்லஸ் டார்வின் 1842இல் பவளத்திட்டுகள் எப்படி உருவாகின்றன என்று புத்தகம் எழுதியபோது மாலத்தீவைப் பார்த்திருக்கவில்லை. 1830களில் ராபர்ட் மோர்ஸ்பி என்ற கடற்படை அதிகாரி அளந்து வரைந்த வரைபடங்களை வைத்தே அதைப் பற்றி எழுதினார்.

வெளியுலகம் மாலத்தீவிடம் கேட்டதெல்லாம் கடலின் பொருட்களைத்தான். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் அவன் வென்ற நாடுகளின் வரிசையில் 'பழந்தீவு பன்னீராயிரம்' என்று குறிப்பிடுவது மாலத்தீவை என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுக் கருத்து. 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதா அங்கே காஜியாக வேலை பார்த்தார். அங்கிருந்து சோழி வங்காளத்துக்குப் போய்க் காசாகப் புழங்கியதை எழுதிவைத்தார். ஆனால் தீவுக்காரர்கள் குடியிருந்தது பெரும்பாலும் ஓலை வீடுகளில். கல் பள்ளிவாசலுக்கும் சுல்தானுக்கும் உரியது.

மாலேயில் ஹுகுரு மிஸ்கி என்ற வெள்ளிப் பள்ளிவாசல் இருக்கிறது. 1658இல் முதலாம் இப்ராஹிம் இஸ்கந்தர் சுல்தான் கட்டியது. சாந்து இல்லாமல் ஒரு கல்லின் நாக்கு அடுத்த கல்லின் பள்ளத்தில் உட்கார்வதுபோல் கோத்திருக்கிறார்கள். சுவர் முழுக்க நுணுக்கமான கொடி வேலைப்பாடு. அந்தக் கல்லுக்கு ஹிரிகா என்று பெயர். உயிரோடு இருக்கும் பெரிய பவளப் பாறையைக் கடலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, ஈரமாக மெத்தென்று இருக்கும்போதே அறுத்துச் செதுக்கி, காற்றில் உலரவிட வேண்டும். காய்ந்தால் இறுகிவிடும்.

ஹிரிகா எல்லாப் பவளமும் அல்ல, போரைட்டிஸ் என்ற வகை. கிளை விடாது. உருண்டையாக, பாறாங்கல்லாக, வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும். ஒரு மீட்டர் அகலமுள்ள பாறைக்கு அரை நூற்றாண்டு வயது இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

ஒரு தலைமுறைக்கு ஒரு பள்ளிவாசல் கட்டினால் கடல் தாங்கும். பிரச்சினை வேறொரு கட்டடத்தோடு வந்தது.

*

1960களில் வந்த ஐ.நா. வல்லுநர்கள், இந்தத் தீவுகள் சுற்றுலாவுக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்பது மாலத்தீவில் விருப்பத்தோடு சொல்லப்படும் கதை. 1972 பிப்ரவரியில் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியர் ஒரு சிறு கூட்டத்தை அழைத்துவந்தார்.  அவர்களைத் தங்கவைத்த இளைஞர்கள் அதே வருடம் அக்டோபரில் விஹாமனாஃபுஷி தீவில் முதல் விடுதியைத் திறந்தார்கள். முப்பது அறைகள். பவளக்கல்லும் தென்னை மரமும் ஓலையும். பெயர் குரும்பா. திவேஹியில் இளந்தேங்காய் என்று பொருள். நம் குரும்பை அப்படியே அங்கே இருக்கிறது.

2024இல் மாலத்தீவுக்கு வந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். நடுவில் இருக்கும் ஐம்பது வருடம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சுற்றுலாப் பணம் வந்ததும் ஓலை வீடுகள் கல் வீடுகளாயின. மாலே வீங்கியது. விடுதிகள் வரிசையாகத் திறந்தன. எல்லாவற்றுக்கும் கல் வேண்டும். கல் என்றால் கடல். இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் நின்று இரும்புக் கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்துத் தோணியில் ஏற்றினார்கள். பெயர்த்தது கிளைப் பவளத்தை அல்ல, கட்டடத்துக்கு உதவும் உருண்டைப் பாறைகளை.

1980களில் பார்பரா பிரவுனும் ரிச்சர்ட் டன்னும் கல்லெடுத்த திட்டுகளை ஆய்வு செய்தார்கள். கல்லெடுத்துப் பல வருடம் ஆன இடங்களில்கூடப் பவளம் திரும்ப வந்திருக்கவில்லை. காரணம் எளிமையானது. பாறை போன பிறகு தரையில் மிச்சமிருந்தது உடைசல். அலைக்கு அது உருண்டுகொண்டே இருக்கும். பவளக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் நீந்திவந்து ஓரிடத்தில் ஒட்டி, வாழ்நாள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டிய பிராணி. ஒட்டிய இடமே புரண்டால் என்ன செய்யும்? அதோடு, சூரை பிடிக்க இரை மீன் இந்தத் திட்டுகளில்தான் கிடைக்கும். தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகச் சூரை பிடிக்கும் மாலத்தீவு மீனவனுக்குத் திட்டுப் போனால் தொழிலும் போகும்.

இதே காலத்தில் மாலேவில் இடம் போதாமல், சுற்றியிருந்த திட்டின் மேலேயே மண் கொட்டி ஊரை அகலமாக்கினார்கள். 1987 ஏப்ரலில் தெற்கே எங்கோ எழுந்த பேரலை வீச்சு வந்து சேர்ந்தது. வழக்கமாக அலையை உடைத்து வாங்கிக்கொள்ளும் ஆழமற்ற திட்டின் மேல் இப்போது ஊர் நின்றது. புதிதாக நிரப்பிய நிலம் கரைந்தது, தெருக்களில் கடல் ஓடியது. அந்த அக்டோபரில் அதிபர் மௌமூன் அப்துல் கயூம் ஐ.நா. சபையில் நின்று, கடல் மட்டம் உயர்ந்தால் எங்கள் நாடே இருக்காது என்று பேசினார். பருவநிலை மாற்றம் பற்றி ஒரு நாட்டின் தலைவர் அந்த மேடையில் அப்படிப் பேசியது அதுவரை உலகம் அதிகம் கேட்டிராத பேச்சு.

ஜப்பான் பணம் கொடுத்தது. நாலு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி மாலேவைச் சுற்றி அலைத் தடுப்பு எழுந்தது. கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கோடி டாலர். 2004 சுனாமி நாட்டில் நூறு பேருக்கும் மேல் பலி வாங்கியபோது மாலே ஓரளவு தப்பியதற்கு இந்தத் தடுப்பும் ஒரு காரணம் என்கிறார்கள். பவளம் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கு உலகம் முதல்முறை ரசீது பார்த்தது அங்கேதான்.

1990களின் தொடக்கத்தில், மக்கள் வாழும் தீவுகளின் திட்டுகளிலும் அட்டோலின் வெளி விளிம்பிலும் இரை மீன் திட்டுகளிலும் கல்லெடுக்கத் தடை வந்தது. மாற்றாக என்ன? சிமெண்ட், ஜல்லி, ஆற்று மணல். எங்கிருந்து? தாத்தாவின் தோணியிலும்தான். "மாலேக்கு என்ன தாத்தா கொண்டு போவீங்க?" என்று கேட்டால் "அரிசி, வெங்காயம், ஜல்லி, மண்ணு" என்பார். "மண்ணா?" "ஆமா, அங்க கடலத் தவிர என்ன கெடக்கு?" இன்றைக்கும் இந்திய அரசு மாலத்தீவுக்கு வருடத்துக்கு இவ்வளவு மணல், இவ்வளவு ஜல்லி என்று ஒதுக்கீடு போட்டு அனுமதிக்கிறது. கடலில் பெயர்ப்பது நின்றது, மலையிலும் ஆற்றிலும் பெயர்ப்பது கூடியது. எங்கள் தொழிலில் ஒரு பிழையைச் சரிசெய்ய அதை இன்னொரு குழுவின் கோடுக்குள் தள்ளிவிடுவோம். அது மாதிரி.

*

இப்போது நான் தேடிய பழைய பதிவுக்கு வருகிறேன்.

1990இல் மாலேவுக்குப் பக்கத்தில், கல்லெடுத்துப் பாழான காலு ஃபல்ஹு என்ற திட்டில் ஒரு பரிசோதனை தொடங்கியது. நியூகாஸில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் கிளார்க்கும் அலாஸ்டர் எட்வர்ட்ஸும் நடத்தியது. கடலடியில் கான்கிரீட்டை இறக்கினார்கள். ஓரிடத்தில் ஒரு கன மீட்டர் அளவில் உள்ளே கூடான கட்டங்கள், இன்னோரிடத்தில் பாய் மாதிரி கோத்த கான்கிரீட் சில்லுகள். சிலவற்றில் உயிர்ப்பவளத்தை நட்டார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள்.

நட்டதில் ஏறக்குறைய பாதி இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலான காலத்தில் போய்விட்டது. அப்படியே விட்ட கான்கிரீட்டில் பவளம் தானாக வந்து ஒட்டியது. மீன்களும் வந்தன. அதாவது அந்த இடத்தில் பற்றாக்குறை பவளத்துக்கு இல்லை, புரளாத தரைக்குத்தான். தண்ணீரில் விதை இருந்தது. உட்கார இடம்தான் இல்லை.

எனக்கு இதைப் படித்தபோது ஒரு பொறியாளனுக்கே உரிய சந்தோஷம் வந்தது. பிரச்சினையைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! 1994இல் அந்தக் கட்டங்களில் ஆய்வுக்கு எடுத்த பவளங்கள் 1,589. அதில் 95 சதவீதம் கிளைப் பவளம்.

பிறகு 1998 வந்தது. எல் நினோ வருடம். மே மாதத்தில் கடலின் மேல்மட்ட வெப்பம் வழக்கத்தைவிட 2.1 டிகிரி கூடியது. இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். நம் உடம்புக்கு 98.6இலிருந்து 102 ஆவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வாரக்கணக்கில். பவளத்தின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை உணவாக்கி அதற்கு ஊட்டுவது அவைதான், நிறம் கொடுப்பதும் அவைதான். வெப்பம் தாங்காமல் போனால் பவளம் அவற்றை வெளியேற்றுகிறது. வெளுக்கிறது. சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும். இல்லையென்றால் பட்டினி.

மத்திய அட்டோல்களில் ஆய்வு செய்த இயற்கைத் திட்டுகளில் உயிர்ப்பவளம் தரையை மூடிய அளவு சராசரியாக 42 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக விழுந்தது. காலு ஃபல்ஹு கான்கிரீட் மேல் வளர்ந்த கிளைப் பவளத்தில் குறைந்தது 98 சதவீதம் செத்தது. அதற்குப் பிந்தைய கணக்கெடுப்பில் இருந்தவை 248. அதில் 97 சதவீதம் உருண்டைப் பவளம். போரைட்டிஸ் போன்றவை. அவற்றில் பெரும்பாலானவை வெப்பத்தைத் தாங்கிவிட்டன.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 95 சதவீதம் கிளை என்பது 97 சதவீதம் உருண்டை என்று மாறியிருக்கிறது. வெப்பத்துக்குத் தாக்குப்பிடிக்கும் பவளம் எது என்று கடல் 1998இல் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதில்தான் ஹிரிகா. அதைத்தான் பள்ளிவாசலுக்கும் பிறகு வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் கடப்பாரையால் பெயர்த்து எடுத்திருந்தார்கள். அதைத்தான் தூத்துக்குடியில் எங்கள் சுவராக வைத்திருந்தோம்.

என் கூட்டில் நாங்கள் கட்டிய நாற்பதும் கிளைப் பவளம்.

*

இந்த இடத்தில் விடுதிகளை வில்லனாக்கிக் கட்டுரையை முடித்துவிடலாம். சுலபம். ஆனால் பதிவுகளில் வேறு பக்கமும் இருக்கிறது.

சுறாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவில் துடுப்புக்காகவும் எண்ணெய்க்காகவும் சுறா பிடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் சார்லஸ் ஆண்டர்சன், ஹுதா அகமது என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பிடித்துவிட்ட ஒரு சாம்பல் திட்டுச் சுறாவால் மீனவருக்குக் கிடைப்பது ஒரே ஒருமுறை 32 டாலர். அதே சுறா உயிரோடு நீந்தினால், அதைப் பார்க்க முங்குகிறவர்கள் மூலம் வருடத்துக்கு 3,300 டாலர். உயிரை டாலரில் அளப்பது எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் அந்தக் கணக்கு வேலை செய்தது. 1998இல் சுற்றுலா அட்டோல்களில் தடை, 2010 மார்ச்சில் நாடு முழுக்க முழுத் தடை. இன்று விடுதிகளின் மரநடைபாதைக்குக் கீழே குட்டிச் சுறாக்கள் சுற்றுவதை யாரும் பார்க்கலாம். நாங்களும் பார்த்தோம். மனைவி முதலில் அலறி, பிறகு தினமும் காலையில் போய் எண்ண ஆரம்பித்தாள்.

ஆமை ஓட்டில் சீப்பும் பெட்டியும் செய்து பயணிகளுக்கு விற்றது அதே சுற்றுலாதான். 1995இல் ஆமை பிடிக்கத் தடை வந்தது, 2016இல் முட்டைக்கும் முழுப் பாதுகாப்பு வந்தது. பா அட்டோலில் திருக்கை மீன்கள் கூட்டமாக வந்து சுழன்று இரை தின்னும் ஹனிஃபாரு விரிகுடா 2009இல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. 2011இல் அந்த அட்டோலே யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. 2013இல் தொடங்கிய ஆலிவ் ரிட்லி புராஜெக்ட் என்ற அமைப்பு 2017இல் அதே அட்டோலில் ஒரு விடுதித் தீவிலேயே ஆமை மருத்துவமனை திறந்தது. அங்கே வரும் ஆமைகளில் பல, கைவிடப்பட்ட வலைகளில் சிக்கித் துடுப்பு அறுந்தவை. மாலத்தீவின் சூரை மீனவர்கள் வலை போடுவதில்லை. இந்த வலைகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து நீரோட்டத்தில் மிதந்து வருபவை. நம் பக்கத்துக் கடலிலிருந்தும்தான்.

ஆக, ஒரு விடுதியால் எதைக் காப்பாற்ற முடியும், எதை முடியாது என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு கோடு இருக்கிறது. காயம் உள்ளூர்க் காயமாக இருந்தால் முடியும். கடப்பாரை, தூண்டில், கத்தி, வலை. இவற்றைச் செய்யும் கை கண்ணுக்குத் தெரியும், அதை நிறுத்தலாம், அதற்கு ஈடு கொடுக்கலாம். உருளும் தரையைக்கூடக் கூடு போட்டு நிலைப்படுத்தலாம். வெப்பத்தை முடியாது. அது அந்தத் தீவின் எல்லைக்குள் உண்டாவதில்லை. நான் சென்னையிலிருந்து ஏறிப்போன விமானத்திலும், நான் பராமரிக்கும் சர்வர்களின் மின்சாரத்திலும் அதில் ஒரு துளி உண்டு.

முயலாமல் இல்லை. 1990களின் நடுவில் இஹுரு தீவு விடுதியில் வுல்ஃப் ஹில்பர்ட்ஸ் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞரும் தாமஸ் கோரோ என்ற விஞ்ஞானியும் இரும்புச் சட்டத்தில் குறைந்த மின்சாரம் பாய்ச்சி, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை அதன்மேல் படியவைத்துப் பவளம் வளர்த்தார்கள். 1998இல் சுற்றிலும் எல்லாம் செத்தபோது தங்கள் சட்டத்தில் பாதிக்கும் மேல் பிழைத்தது என்று அவர்கள் சொன்னார்கள். எல்லா ஆய்வாளர்களும் அதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டாலும் அளவு இடிக்கிறது. மாலத்தீவின் பவளத்திட்டுகளின் மொத்தப் பரப்பு சுமார் 4,500 சதுர கிலோமீட்டர். என் கூடு இரண்டு சதுர மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். பரப்பில் ஒரு சதவீதத்தை மூடவே இரண்டே கால் கோடி கூடுகள் வேண்டும். அவ்வளவு புதுத் தம்பதிகளுக்கு எங்கே போவது?

ஆனால் 1998க்குப் பிறகு நடந்த ஒன்று எந்த விளம்பரத்திலும் இல்லை. திட்டுகள் தாமாகவே திரும்பின. மெதுவாக, பதினைந்து வருடம் போல எடுத்துக்கொண்டு, பல இடங்களில் பழைய அளவை நெருங்கின. கல்லெடுக்காத, தரை உருளாத, பாசியைத் தின்னும் மீன்கள் இருந்த திட்டுகளில் யாரும் எதையும் கட்டாமலேயே பவளம் வந்து உட்கார்ந்தது. நாற்பது துண்டு கட்டிய பெருமையோடு இருந்த எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு 2016இல் மறுபடி வெப்பம். ஆய்வு செய்த பவளங்களில் 73 சதவீதம் வெளுத்தன. பிறகு 2024. முதல் இடைவெளி பதினெட்டு வருடம், அடுத்தது எட்டு. பதினைந்து வருடம் கேட்கும் உயிருக்கு எட்டு வருடம் கொடுத்திருக்கிறோம்.

*

தள்ளுபடி மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினேன். கோபமாக அல்ல. பணம் கட்டத் தயார், ஆனால் கிளைப் பவளத்துக்குப் பதில் போரைட்டிஸ் மாதிரி உருண்டைப் பவளத்தை வைக்க முடியுமா என்று கேட்டேன். 1998இன் இரண்டு எண்களையும் எழுதினேன்.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்தே பதில் வந்தது. எங்களுக்குக் கட்டச் சொல்லிக்கொடுத்தவரே. அந்த ஆய்வை அவரும் கல்லூரியில் படித்திருக்கிறார். மே மாதம் முழுக்கத் தினமும் முங்கி, வெளுத்த கூடுகளை எண்ணிக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தார். தப்பிப் பிழைத்த சில கிளைப் பவளங்களைக் குறித்து வைத்திருக்கிறார்களாம், இனி அவற்றின் துண்டுகளைத்தான் கட்டப் போகிறார்களாம். உருண்டைப் பவளம் பற்றி, நீங்கள் சொல்வது சரிதான் என்றார். பிறகு ஒரு வரி: "ஆறு மாதத்தில் அரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது என்று நான் படம் அனுப்பினால் யார் பணம் கட்டுவார்கள்?"

அவர் குறை சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். கிளைப் பவளம் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வளரும். படத்தில் தெரியும். முகப்புப் படமாக வைக்கலாம். விருந்தாளியின் பொறுமை ஆறு மாதம், போரைட்டிஸின் பொறுமை அரை நூற்றாண்டு. அவர் சம்பளம் வருவது விருந்தாளியிடமிருந்து. ஆமைகளுக்கும் சுறாக்களுக்கும் அந்தத் தீவில் குரல் கொடுப்பவரும் அந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறார்.

மனைவியிடம் மின்னஞ்சலைக் காட்டினேன். செத்த கூட்டின் படத்தை அதுவரை அவளிடம் காட்டியிருக்கவில்லை. ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்தப் பின்னாடி இருக்கற உருண்டைக் கல்லு செத்துப்போகலையே?" என்றாள். நான் கவனித்திருக்கவில்லை. நான்காவது படத்தில், கூட்டுக்குப் பின்னால், மங்கலாக ஒரு பழுப்புப் பாறை. வெளுக்கவில்லை, பாசி பிடிக்கவில்லை. முதல் படத்தை எடுத்துப் பார்த்தோம். அதிலும் அதே இடத்தில் இருந்தது. அதற்குத் தகடு கிடையாது.

"அதைத் தத்தெடுக்கலாமானு கேளு" என்றாள். கேட்டோம். அப்படி ஒரு திட்டமே இல்லையாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டுக்குக் கட்டும் அதே பணத்தைக் கட்டினோம். ஆமைகளுக்கோ அவர் பெட்ரோல் செலவுக்கோ, எதற்கு வேண்டுமானாலும் போகட்டும்.

இந்த ஜனவரியில் தூத்துக்குடி போயிருந்தோம். தாத்தா இல்லை. வீட்டை இடிக்க மாமா ஆள் பேசியிருந்தார். கடலுக்குள் வான் தீவைச் சுற்றி, தீவு கரையாமலிருக்கக் கான்கிரீட்டில் செயற்கைப் பவளத்திட்டு இறக்கியிருக்கிறார்கள் என்று மாமாவே சொன்னார். "முன்னாடி அங்கேர்ந்து கல்ல எடுத்தோம், இப்ப கொண்டுபோய்ப் போடுதோம்" என்றார். பூச்சு உதிர்ந்த அந்தச் சுவரில் மனைவி கையை வைத்தாள். குழிகளைத் தடவிப் பார்த்தாள்.

"இது எத்தனை வருஷம் வளந்திருக்கும்?"

கல்லின் அகலத்தை விரலால் அளந்தேன். இரண்டு சாண் இருந்தது. இருபது வருடமாவது ஆகியிருக்கும் என்றேன். இடிக்கும்போது இந்தக் கல்லை மட்டும் எடுத்துவைக்கும்படி மாமாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.